கல்லைக் கண்டால் நாயைக் காணோம்

இங்கிலாந்தின் தென்மேற்கில் வில்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே ஏவ்பரி என்று ஒரு கிராமம். ஒரு சர்ச், ஒரு மதுக்கடை, கூரை வேய்ந்த சில வீடுகள், ஆடுகள், மழை. இந்தச் சரக்கெல்லாம் அந்த நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும். ஏவ்பரிக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. உலகத்திலேயே பெரிய கல்வட்டம் அந்த ஊரில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், கல்வட்டத்துக்குள் அந்த ஊரில் பாதி இருக்கிறது. வட்டத்தின் நட்டநடுவில் கடைத்தெரு. மாவட்டச் சாலை உள்ளே புகுந்து, வளைந்து, வெளியேறுகிறது. லாரிக்காரர் கியர் மாற்றுகிற இடத்தில் நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக் கல் ஒன்று நின்று வேடிக்கை பார்க்கிறது.

இங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஸ்டோன்ஹெஞ்ச். அது செதுக்கிய கல், வேலி போட்ட கல், டிக்கெட் வாங்கி எட்ட நின்று பார்க்க வேண்டிய கல். ஏவ்பரியில் செதுக்குகிற வேலையே கிடையாது. பக்கத்து மேட்டு நிலத்தில் கிடந்த சார்சன் என்கிற முரட்டுக் கற்களை அப்படியே இழுத்து வந்து நட்டுவிட்டார்கள். வெளி வட்டத்தில் மட்டும் சுமார் நூறு கற்கள். அதற்குள் இன்னும் இரண்டு வட்டங்கள். இருப்பதில் பெரியது 60 டன் தேறும் என்கிறார்கள். இத்தனைக்கும் சுற்றிலும் ஒரு அகழி, அகழிக்கு வெளியே ஒரு கரை. குறுக்கே அளந்தால் 400 மீட்டருக்கு மேல். அகழி அந்தக் காலத்தில் 9 மீட்டர் ஆழம். தோண்டிய கருவி மான் கொம்பு. அள்ளிப் போட்டதற்கு மாட்டின் தோள்பட்டை எலும்பு என்று சொல்கிறார்கள். கி.மு. 2500ஐ ஒட்டிய சில நூறு வருஷங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலை நடந்திருக்கிறது. பாட்டன் தோண்டிய பள்ளத்தைப் பேரன் தோண்டி முடித்திருக்கிறான். ‘எதற்குத் தாத்தா இது?’ என்று கேட்ட பேரன்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். பதில்தான் எழுதி வைக்கப்படவில்லை. எழுத்து அந்தத் தீவுக்கு வந்து சேர இன்னும் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருந்தது.

பிறகு கட்டியவர்கள் போய்விட்டார்கள். ரோமானியர்கள் வந்து, பக்கத்தில் ரோடு போட்டு, போய்விட்டார்கள். சாக்சன்கள் வந்தார்கள். காற்றுக்கு மறைவாகக் கரை இருக்கிறது, ஆடு மேய்க்க இடம் இருக்கிறது என்று தங்கிவிட்டார்கள். கி.பி. 1000 வாக்கில் சர்ச்சும் கட்டிக்கொண்டார்கள், வட்டத்துக்கு வெளியே, ஒட்டினாற்போல. புது சாமி பழைய சாமியைப் பகைத்துக்கொள்ளாமல் ஓரமாக உட்கார்ந்தது. சில நூறு வருஷம் சமாதானமாகத்தான் போயிற்று.

14ஆம் நூற்றாண்டில் ஊருக்குத் திடீரென்று பக்தி முற்றியது. இந்தக் கற்கள் சாத்தானின் வேலை, இவற்றை வைத்துக்கொண்டு நாம் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போவது சரியில்லை என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். பாதிரியார் தூண்டிவிட்டார் என்று ஒரு ஊகம். உழவுக்கு இடைஞ்சல் என்பது இன்னொரு ஊகம். எப்படியோ, கல்லுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி, கல்லை அதில் சாய்த்து, மண்ணைப் போட்டு மூடினார்கள். அடக்கம் செய்தார்கள் என்றே சொல்லலாம். அத்தனை ஒழுங்கு, அத்தனை மரியாதை. ஒரு கல்லைக்கூட உடைக்கவில்லை. உடைத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடுமே என்ற பயமாக இருக்கலாம். இந்தப் பயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடக்கம் செய்யும்போது ஒரு விபத்து நடந்ததாகக் கதை. 1938இல் இப்படிப் புதைந்திருந்த கல் ஒன்றை வெளியே எடுத்தபோது அடியில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. கூடவே ஒரு கத்தரிக்கோல், ரத்தம் எடுக்கிற சூரிக்கத்தி மாதிரி ஒன்று, 1320களைத் தாண்டாத மூன்று வெள்ளிக் காசுகள். கத்தரிக்கோலும் கத்தியும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்தக் காலத்தில் அவர் முடி வெட்டுபவராகவும் வைத்தியராகவும் இருப்பார். நாவிதர் பாவம், வழியோடு போனவர், ஊர் கல்லைத் தள்ளுவதைப் பார்த்து ‘நானும் ஒரு கை பிடிக்கிறேன்’ என்று வந்திருக்கிறார், 13 டன் கல் அவர் மேல் சாய்ந்துவிட்டது, ஊரே பயந்துபோய் அப்படியே மூடிவிட்டது என்று கதை கட்டினார்கள். கல்லின் சாபம் என்று இதற்குப் பெயரும் வைத்தாயிற்று.

எலும்புக்கூட்டை லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1941இல் ஜெர்மன் குண்டு அந்தக் கல்லூரி மேல் விழுந்தது. நாவிதர் இரண்டாம் முறையும் நசுங்கினார் என்று எல்லோரும் நம்பினார்கள். 1990களின் கடைசியில் பார்த்தால் மனிதர் இன்னொரு மியூசியத்தின் கிடங்கில் பத்திரமாகப் படுத்திருக்கிறார். எடுத்துப் பரிசோதித்தார்கள். எலும்பில் நசுங்கிய அடையாளமே இல்லை. தலையில் ஒரு பழைய காயம், அதுவும் உயிரோடு இருக்கும்போதே ஆறிப்போனது. ஆக, ஆள் வேறு எப்படியோ செத்திருக்கிறார். குழி தயாராக இருந்தது, போட்டு மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. அறுபது வருஷம் கொலைப்பழி சுமந்த கல் நிரபராதி. ஆனால் யாரும் அதனிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை. கைடுகள் இன்றைக்கும் பழைய கதையைத்தான் சொல்கிறார்கள், அதில்தான் சுவை.

இனி 1649 ஜனவரி. லண்டனில் ராஜா முதலாம் சார்லஸின் தலைக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் வெட்டியும் விட்டார்கள். வில்ட்ஷயரில் பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாமல் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஒருவர் ஜான் ஆப்ரே, 22 வயது. நாய்கள் குரைத்துக்கொண்டு ஏவ்பரி வழியாக ஓடுகின்றன, குதிரைகள் பின்னால் ஓடுகின்றன, ஆப்ரே மட்டும் கடிவாளத்தை இழுத்து நின்றுவிட்டார். வீடுகளுக்கும் வேலிகளுக்கும் நடுவில் இத்தனை பெரிய கற்களா! நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். ஆப்ரே கல்லைக் கண்டார், நாயை விட்டுவிட்டார். சற்று நேரம் திகைத்து நின்றுவிட்டு, பிறகு நாய்கள் குரைத்த திசையில் விசாரித்துக்கொண்டு போனாராம்.

இதிலிருந்து ‘ஏவ்பரியைக் கண்டுபிடித்தவர் ஆப்ரே’ என்று சரித்திரம் எழுதுகிறது. அங்கே அறுநூறு வருஷத்துக்கு மேலாகக் குடியிருந்தவர்கள் தங்கள் கொல்லைப்புறத்தில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கவில்லை போலும்.

1663இல் வெட்டுப்பட்ட ராஜாவின் மகன் இரண்டாம் சார்லஸிடம் இந்தச் செய்தி போனது. ஸ்டோன்ஹெஞ்சைவிட இது பல மடங்கு பெரிது, அது சின்ன சர்ச் என்றால் இது பேராலயம் என்கிற ரீதியில் ஆப்ரே அளந்திருக்கிறார். ராஜா நம்பவில்லை, ஆனால் ஆவல் தாங்கவில்லை. பாத் நகரத்துக்குப் போகிற வழியில் தம்பியோடு இறங்கிப் பார்த்தார். பக்கத்திலிருக்கிற சில்பரி மேட்டில் ஏறினார். இறங்கி வந்து, ‘கற்களுக்கு அடியில் தோண்டி மனித எலும்பு இருக்கிறதா பார்’ என்று ஆப்ரேக்கு உத்தரவிட்டார். ஆப்ரே என்ன செய்தார்? தோண்டவில்லை. தோண்டவில்லை என்று அவரே எழுதியும் வைத்திருக்கிறார். அரசாங்க உத்தரவை வாங்கிக்கொண்டு பைலில் வைத்துவிடுகிற கலையில் அவர் ஒரு முன்னோடி.

எலும்பை எடுத்தவர் வேறு ஒருவர். மார்ல்பரோ ஊர் டாக்டர் டூப். 1678இல் ஏவ்பரியிலிருந்து கிளம்பும் கல் வீதியின் கோடியில், சாங்சுவரி என்கிற இடத்தில் விவசாயிகள் மண் வெட்டும்போது எலும்பு வருவதைப் பார்த்தார். மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார். எதற்கு? பொடித்து மருந்து செய்ய. அக்கம்பக்கத்தில் பலருக்கு நோய் தீர்ந்ததாக அவரே பெருமையாகக் கடிதம் எழுதியிருக்கிறார். வில்ட்ஷயர் குடியானவன் தன் முப்பாட்டனை வெந்நீரில் கலக்கி, காலை மாலை இருவேளை குடித்துக் குணமடைந்தான்.

அடுத்து வந்ததுதான் ஏவ்பரியின் பொற்காலம், அதாவது உடைத்த காலம். 1694ஐ ஒட்டி, வால்டர் ஸ்ட்ரெட்ச் என்கிற உள்ளூர்க்காரர் ஒரு உத்தியைப் பிரபலப்படுத்தினார். கல்லுக்கு அடியில் குழி வெட்ட வேண்டும். வைக்கோலைத் திணித்துக் கொளுத்த வேண்டும். கல் நன்றாகச் சூடேறியதும், எங்கே பிளக்க வேண்டுமோ அங்கே ஒரு கோடாகப் பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டும். அந்தக் கோட்டின் மேல் சம்மட்டியால் ஒரு போடு. படார். ஐந்தாயிரம் வருஷத்துக்குச் செய்த ஏற்பாடு ஒரு மத்தியானத்தில் இருபது வண்டி ஜல்லியாகிவிடும். தெருவில் நின்ற ஒரே ஒரு கல்லை வைத்து ஊர்ச் சத்திரத்துக்குச் சாப்பாட்டு அறையே கட்டினார்கள். பிரார்த்தனைக் கூடம், பண்ணைக் களஞ்சியம், வீடு, மதில் எல்லாவற்றிலும் கோயில் கல். டாம் ராபின்சன் என்பவர் இந்தத் தொழிலில் இவ்வளவு தேர்ச்சி பெற்றார் என்றால், ‘கல் கொல்லி’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

பட்டப்பெயரை நமக்குச் சொன்னவர் வில்லியம் ஸ்டுக்லி. லிங்கன்ஷயரிலிருந்து வந்த டாக்டர். 1719 முதல் ஐந்தாறு வருஷம் கோடைதோறும் வந்து, ஒரு பக்கம் கல்லை உடைக்க உடைக்க மறுபக்கம் அளந்து படம் போட்டார். நியூட்டன் எதிரில் ஆப்பிள் விழுந்த கதையை நியூட்டன் வாயிலிருந்தே கேட்டு எழுதி வைத்தவரும் இவரே. இந்தப் புண்ணியவான் இல்லையென்றால் எந்தக் கல் எங்கே நின்றது என்பதே இன்று தெரிந்திருக்காது. அதை மனதார ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

மனிதருக்கு ட்ரூயிட் பைத்தியம் பிடித்துவிட்டது. ட்ரூயிட் என்றால் பழைய கெல்டிக் பூசாரிகள். ஏவ்பரி கட்டி முடிந்து இரண்டாயிரம் வருஷம் கழித்துத்தான் அவர்களைப் பற்றிய பேச்சே வருகிறது. அதெல்லாம் ஸ்டுக்லிக்கு ஒரு பொருட்டா? நண்பர்களோடு ஒரு சங்கம் வைத்து, தனக்கு ‘சிண்டோனாக்ஸ்’ என்று ட்ரூயிட் நாமகரணம் செய்துகொண்டார். தோட்டத்தில் சொந்தமாக ஒரு ட்ரூயிட் கோயில் அமைத்தார். பிறகு இங்கிலாந்துத் திருச்சபையில் பாதிரியாராகவும் ஆனார். ஏவ்பரி மொத்தமும் ஒரு பிரமாண்டமான பாம்பு என்பது 1743இல் அவர் போட்ட புத்தகத்தின் தீர்ப்பு. கல்வட்டம் வயிறு, கல் வீதிகள் உடல், சாங்சுவரி தலை. ஒரே சிக்கல், சாங்சுவரி அளவெடுத்தபோது வட்டமாக இருந்தது. பாம்பின் தலை வட்டமாக இருக்காதே. படத்தில் அதை நீள்வட்டமாக்கினார். தத்துவத்துக்கு இடம் கொடுக்கக் கல் நகர்ந்துகொண்டது.

சார்சன் கல்லில் கட்டிய வீடு குளிர்காலத்தில் வியர்த்து வழியும், மரச்சாமான் எல்லாம் உளுத்துப்போகும் என்று குறித்து வைத்திருப்பதும் ஸ்டுக்லிதான். அந்த இடத்தை எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் சில்பரி மேடு. முழுக்க மனிதர் கொட்டிய சுண்ணாம்புக்கல் மண், 30 மீட்டருக்கு மேல் உயரம், ஐரோப்பாவின் வரலாற்றுக்கு முந்திய செயற்கை மேடுகளில் இதுதான் பெரியது. உள்ளே சில் என்கிற ராஜா தங்கக் குதிரையில் உட்கார்ந்திருப்பதாக ஊர்ப்பேச்சு. தங்கம் என்றதும் 1776இல் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகளைக் கூட்டி வந்து உச்சியிலிருந்து நேர்கீழாகக் கிணறு தோண்டினார்கள். குதிரை இல்லை. 1849இல் பக்கவாட்டில் சுரங்கம் போட்டார்கள். இல்லை. 1968இல் பி.பி.சி. காமிராவோடு பேராசிரியர் ரிச்சர்ட் அட்கின்சன் நுழைந்தார், நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்தது. அகப்பட்டது அழுகாத புல்லும் இறக்கை முளைத்த எறும்பும். எறும்புக்கு இறக்கை இருப்பதால் மேட்டுக்குக் கோடைக் கடைசியில் கால்கோள் விழா நடந்திருக்கும் என்று கண்டுபிடித்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். 2000இல் ஒரு மழைநாளில் 1776ஆம் வருஷக் கிணற்றின் வாய் திறந்துகொண்டு உச்சியில் பெரிய பள்ளம் விழுந்தது. தேடிப் போனவர்கள் தோண்டிய ஓட்டைகளை அடைத்து முடிக்க 2008 ஆயிற்று. உள்ளே எதுவும் இல்லாத மேட்டுக்கு இவ்வளவு செலவு.

ஊருக்குத் திரும்புவோம். 1871இல் வட்டத்துக்குள் ஒரு பகுதி வீட்டு மனையாக விலை பேசப்பட்டது. தகவல் ஜான் லப்பக்குக்குப் போனது. இவர் வங்கி முதலாளி, பார்லிமென்ட் உறுப்பினர், சின்ன வயதிலிருந்தே டார்வினுக்குப் பக்கத்து வீடு. பழக்கிய குளவி ஒன்றைச் செல்லமாக வளர்த்தவர். எறும்புக்குச் சாராயம் கொடுத்து, போதையில் விழுந்ததைக் கூட்டாளி எறும்பு வீட்டுக்குத் தூக்கிப் போகிறதா என்று பார்த்தவர். (தூக்கிப் போகிறது. அந்நிய எறும்பாக இருந்தால் தண்ணீரில் தள்ளிவிடுகிறது.) வான் என்கிற தன் பூடில் நாய்க்கு எழுத்து அட்டை காட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் இவர்தான். ஆக, நாயும் கல்லும் ஒரே ஆளுக்கு வசப்பட்டது ஏவ்பரி சரித்திரத்தில் இந்த ஒரு முறைதான். மனைகளை லப்பக்கே வாங்கினார். 1882இல் புராதனச் சின்னங்களுக்கு முதல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். 1900இல் பிரபுப் பட்டம் கொடுத்தபோது ‘ஏவ்பரி பிரபு’ என்றே வைத்துக்கொண்டார். எல்லாம் சரி. மனை வாங்கிய அதே 1871இல்தான் இங்கிலாந்துக்கு வங்கி விடுமுறைச் சட்டமும் அவர் கைங்கரியத்தில் வந்தது. வங்கி விடுமுறை நாட்களில் ஏவ்பரியில் கார் நுழைய இடமில்லாமல் ஊரார் திட்டுகிறார்களே, அந்தக் கூட்டமும் அவர் தயவுதான்.

கடைசியாக வந்தவர் அலெக்சாண்டர் கீல்லர். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஆரஞ்சு மார்மலேட் ஜாம் செய்த குடும்பத்தின் வாரிசு. வேகமான கார், பனிச்சறுக்கு, நான்கு கல்யாணம். 1924இல் பக்கத்திலிருந்த விண்ட்மில் ஹில் குன்றில் மார்க்கோனி கம்பெனி ரேடியோ கோபுரம் நடப்போவதாகக் கேள்விப்பட்டு, குன்றையே வாங்கிவிட்டார். பிறகு ஏவ்பரியின் பண்ணை மாளிகைக்குக் குடிவந்தார். பிறகு ஊரையும் வாங்க ஆரம்பித்தார்.

1937இலிருந்து மூன்று பருவம் வேலை நடந்தது. புதைத்த கற்களைத் தேடி எடுத்து, பழைய குழியிலேயே நிமிர்த்தி நிறுத்தினார். மரங்களின் வேர்க்கட்டைகளை வெடி வைத்துப் பிளந்தார். உடைந்து காணாமல்போன கல் ஒவ்வொன்றுக்கும் அது நின்ற இடத்தில் சிமென்ட் தூண் நட்டார். இதுவரை எல்லோரும் கைதட்டலாம். ஆனால் கற்காலத்தின் அழகைக் கெடுக்கிறது என்று குடிசை, பன்றிக்கொட்டில், மாட்டுத்தொழுவம், ஒரு மோட்டார் பட்டறை எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார். ஆட்களைக் கிளப்பினார். பலர் ஒரு கூப்பிடுதூரத்தில் ஏவ்பரி ட்ரஸ்லோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்காகக் கல்லை உடைத்த டாம் ராபின்சனுக்குக் ‘கொல்லி’ என்று பெயர். கல்லுக்காக வீட்டை உடைத்தவர் பெயரில் மியூசியம். யுத்தம் வந்திராவிட்டால் மிச்ச ஊரையும் துடைத்துத் தள்ளியிருப்பார். 1943இல் மொத்தத்தையும் நேஷனல் டிரஸ்ட்டுக்கு 12,000 பவுனுக்குக் கொடுத்துவிட்டார். விவசாய நிலத்துக்கு உண்டான விலைதான். கல்லுக்குத் தனியாகக் காசு போடவில்லை.

மேற்குப் பாதியில் இன்று நிமிர்ந்து நிற்கிற கற்களில் பெரும்பாலானவை கீல்லர் எடுத்து நிறுத்தியவை. அவர் எடுக்கும்படி அவை பூமிக்குள் முழுசாக இருந்தது எதனால்? சாத்தானுக்குப் பயந்து புதைத்தார்களே அந்த 14ஆம் நூற்றாண்டுப் பாமரர்கள், அவர்களால். மேலே விட்டிருந்தால் கல் கொல்லி சும்மா விட்டிருப்பாரா? பகுத்தறிவு வந்த நூற்றாண்டில் கல் ஜல்லியாயிற்று. மூடநம்பிக்கை முற்றிய நூற்றாண்டில் கல் பிழைத்தது. ஏவ்பரியின் பாரம்பரியத்தைக் காப்பாற்றியவர்கள் பட்டியலில் அவர்கள் பெயர்தான் முதலில் வர வேண்டும். பெயர் எதுவும் தெரியாது என்பதால் போடவில்லை போலிருக்கிறது.

இப்போது ஊர் கல்லால் பிழைக்கிறது. வட்டத்துக்குள்ளேயே ரெட் லயன் மதுக்கடை. 17ஆம் நூற்றாண்டில் புருஷன் கொன்று கிணற்றில் போட்ட ஃப்ளோரி என்பவள் அங்கே பேயாக உலாவுகிறாளாம். அந்தக் கிணறு கடைக்குள்ளேயே இருக்கிறது. மேலே கண்ணாடி போட்டு மேஜையாக்கியிருக்கிறார்கள். பீர் கோப்பையை வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கலாம். கல்வட்டத்துக்குள் சிக்கிய கிராமம் பற்றி 1977இல் ஒளிபரப்பான ‘சில்ட்ரன் ஆஃப் த ஸ்டோன்ஸ்’ என்கிற டி.வி. தொடரை இங்கேதான் எடுத்தார்கள். குழந்தைகளுக்காக எடுத்தது, பார்த்த குழந்தைகள் ஐம்பது வயதிலும் அதைச் சொல்லிப் பயப்படுகிறார்கள்.

ஸ்டுக்லியின் வாரிசுகளும் வருகிறார்கள். வருஷத்தின் நீண்ட பகலிலும் நீண்ட இரவிலும் வெள்ளை அங்கி போட்ட இக்கால ட்ரூயிட்கள் கற்களுக்கு நடுவில் கூடிப் பூஜை செய்கிறார்கள். கல்யாணங்களும் நடக்கின்றன. 2006இல் அவர்களுடைய சபை ஒன்று மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மூன்று வயதுக் குழந்தையின் எலும்புக்கூட்டைத் திரும்ப அடக்கம் செய்ய வேண்டும் என்று மனுக் கொடுத்தது. விண்ட்மில் ஹில்லில் கீல்லர் தோண்டி எடுத்தது அது. ஊரில் அதைச் சார்லி என்று கூப்பிடுவார்கள். எங்கள் மூதாதையர், எங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள் ட்ரூயிட்கள். அதிகாரிகள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள், அறிஞர்களிடம் அறிக்கை கேட்டார்கள், நான்கு வருஷம் யோசித்தார்கள். 2010இல் மனு தள்ளுபடி. டாக்டர் டூப் காலத்தை நினைத்துப் பார்த்தால் சார்லி அதிர்ஷ்டக்காரன்தான். யாரும் அவனைப் பொடித்துக் கரைத்துக் குடிக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். கற்களைப் பார்க்க டிக்கெட் கிடையாது. கிட்டே போகலாம், தொடலாம், சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஆடு மட்டும் கொஞ்சம் முறைக்கும். கார் நிறுத்தத்தான் கட்டணம். ஸ்விண்டனிலிருந்து பஸ்ஸில் போனால் ரெட் லயன் வாசலருகே இறங்கலாம், அதுவும் மிச்சம்.